முன்கூட்டியே ஒரு சால்வை

திண்டிவனத்தை ஒட்டிய எங்கள் ஊர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் கட்டட இடிபாடுகளால் அடைத்துக் கிடந்தது. போன மழைக்கு, ஏரிக்குப் போகவேண்டிய தண்ணீர் எதிர்வீட்டு அக்காவின் அடுப்படிக்குள் புகுந்தது. அடுத்த மழைக்குள் வாய்க்காலைத் திறந்தாக வேண்டும். நானும் என் கல்லூரித் தோழியும் எங்கள் யூடியூப் சேனலில் ஊராட்சியைத் திட்டி வீடியோ மேல் வீடியோவாகப் போட்டோம். வரைபடம், சரிவுக் கணக்கு, பழைய படம், புதிய படம் எல்லாம் இருந்தன. பார்த்தவர்கள் பெரும்பாலும் எங்கள் சொந்தக்காரர்கள்.

"திட்டிக்கினே இருந்தா எவன் பாப்பான்?" என்றார் அக்கா. "சால்வை போடறேன்னு சொல்லு பாப்பா, தலைவரு ஓடி வருவாரு."

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். ஷாட் பட்டியல் எழுதாமல் கேமராவைத் தொடமாட்டேன். அன்று எழுதியது: இடிபாடு, அக்கா, சால்வை, விழுப்புரத்தில் அச்சடித்த ஃப்ளெக்ஸ். ஃப்ளெக்ஸில் எங்கள் ஊராட்சித் தலைவர் ஆளுயரத்துக்குச் சிரித்தார். கீழே, "வாய்க்காலைத் தூர்வாரப்போகும் தலைவருக்கு முன்கூட்டியே நன்றி."

தலைவர் தன் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்க வேண்டும். வீடியோவை அப்படியே தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். மறுநாள் காலை எங்கள் வாசலில் நின்றார்.

"என்னாம்மா இது? எப்போ தூர் வார்றீங்கன்னு ஊரே போன் பண்ணுது. பேஜாரா போச்சு. அழிச்சிடும்மா."

"அழிச்சிடறேங்க. ஆனா உங்க ஸ்டேட்டஸ எல்லாரும் பாத்துட்டாங்களே?"

தலைவர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தச் சால்வை பட்டா?"

"பட்டு மாதிரிங்க."

அந்த வாரமே ஜேசிபி வந்தது. மதியத்துக்குள் முக்கால்வாசி முடிந்தது. அக்கா வீட்டை ஒட்டிய பகுதிதான் பாக்கி. டிரைவர் வண்டியை அணைத்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

"மீதிய அப்புறம் பாத்துக்கலாம். நீ எடும்மா" என்று தலைவர் கேமராவுக்கு நேராக நின்று கழுத்தை நீட்டினார்.

அக்கா சால்வையை நீளவாக்கில் மடித்து, அவருடைய ஒரு தோளில் மட்டும் வைத்தார். "முடிக்காத வேலைக்கு இவ்ளோதாங்க."

நான் நிதானமாக அந்த வெறும் தோளுக்கு ஃபோகஸைக் கொண்டுபோனேன். தலைவர் லென்ஸைப் பார்த்தார். பிறகு டிரைவரைப் பார்த்தார்.

"யோவ், சோறு எங்கயும் போவாது. வண்டிய எடுய்யா!"

அடுத்த மழைக்குத் தண்ணீர் ஏரிக்குப் போனது. அக்காவின் அடுப்பு அணையவில்லை. அந்த ஃப்ளெக்ஸ் இப்போது அவர் வீட்டு விறகைப் போர்த்தியிருக்கிறது. எவ்வளவு மழை பெய்தாலும் தலைவர் சிரித்துக்கொண்டே நனைகிறார்.