கலயத்தில் போட்ட புளியங்கொட்டை

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். அப்பா ஒத்தக்கடையிலிருந்து மதுரைக்கு மாட்டுவண்டி ஓட்டினார். நாங்கள் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சாராயத்தை அப்பா ஒரே நாளில் விட்டார். வாயைத்தான் அடக்க முடியவில்லை. வைகை மணலில் சக்கரம் புதைந்தால் எங்கள் மாடுகளுக்குக் கெட்ட வார்த்தைதான் புரியும். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். பின்னால் வருகிற வண்டிக்காரர்கள், "வேதக்காரண்ணே, செபம் பண்ணுங்க, மாடு நகரும்" என்பார்கள். அதற்குமேல் அவரால் தாங்க முடியாது, வார்த்தை வந்துவிடும்.

ஒரு கெட்ட வார்த்தைக்கு ஒரு புளியங்கொட்டை. வீட்டுக்கு வந்ததும் மூலையில் இருந்த கலயத்தில் போடுவார். கோயிலில் மாதம் ஒருமுறை திருவிருந்து. கலயம் காலியாக இருந்தால்தான் அப்பமும் திராட்சரசமும் வாங்குவது. அவராக வைத்துக்கொண்ட சட்டம் அது. ஒரு மாதமும் காலியாக இருந்ததில்லை. அம்மா மட்டும் முன்னால் போவாள். அப்பா கடைசிப் பாயில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். கோயில் உபதேசியார் வந்து கூப்பிட்டும் பார்த்தார். சுத்தமாகிவிட்டு வருகிறேன் என்றார் அப்பா.

அந்த மாதம் கலயம் பாதிக்குமேல் நிறைந்தது. அடுப்பு எரியாத ஒரு மத்தியானம், நானும் தம்பியும் பசி தாங்காமல் அந்தக் கொட்டைகளை வறுத்து, தோலைத் தட்டித் தின்றுவிட்டோம்.

திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், எண்ணிப் பார்க்க அப்பா கலயத்தைக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை.

"இதுல இருந்தது எங்க?"

"வறுத்துத் தின்னுட்டோம்ப்பா."

"அம்புட்டுமா?"

"அம்புட்டும்."

அடிக்குக் காத்திருந்தேன். தம்பி அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டான். அப்பா சிரிக்கிற மாதிரி ஆரம்பித்தார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"ஆண்டவரு எப்பவோ எடுத்துப் போட்ட பாவத்தை, நான்ல திரும்பத் திரும்பச் சேத்து வச்சிருக்கேன்" என்று அம்மாவிடம் சொன்னார்.

மறுநாள் அம்மாவோடு முன்னால் போய் மண்டி போட்டார். அப்பம் வாங்கினார். திரும்பி வரும்போது வண்டி பள்ளத்தில் இறங்கியது. பழைய வார்த்தை ஒன்று வந்துவிட்டது. அம்மா அவரைப் பார்த்தாள்.

"என்னால ஆகல ஆண்டவரே, நீரே பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டு அப்பா இறங்கினார். மாட்டைத் தடவிக்கொடுத்து, சக்கரத்துக்குத் தோள் கொடுத்தார். அதற்குப் பிறகு கலயத்தில் அவர் எதுவும் போட்டு நான் பார்க்கவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. நாங்கள் தின்றதைச் சாக்காக வைத்து அப்பா ஆண்டவரை ஏமாற்றுகிறார் என்றே நினைத்தேன். ஆண்டவருக்கு அது தெரிந்துவிடக் கூடாதென்று, அவரிடமே ரொம்ப நாள் செபம் பண்ணினேன்.