அவன் வாயாலேயே

எங்கள் இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ‘நோக்கம்’ என்ற தலைப்பின் கீழே, புறநோயாளிகளின் சிரமத்தைக் குறைத்து மருத்துவமனைச் சேவையை மேம்படுத்துவது என்று இருக்கும். தங்க எழுத்தில் அச்சடித்த அட்டை, நாலு பேர் பெயர், துறைத் தலைவர் கையெழுத்து எல்லாம் உண்டு. அந்த வரி பொய். எழுதியவளே நான்தான். நோக்கம் ஒரே ஒரு ஆளைப் பழிவாங்குவது. நோயாளிகளுக்கு நல்லது நடந்தது உண்மைதான். அது போகிற போக்கில் நடந்தது.

அம்மா மீன் விற்கிறாள். கோவளம் கரையில் ஏலத்தில் எடுத்து, அன்னக்கூடையோடு பஸ் மாறி இரும்புலியூரில் வந்து இறங்குவாள். அங்கே ஒரு காலனியில் வீடு வீடாக வியாபாரம். பேங்க்காரர்கள், டீச்சர்கள், ஆபீஸ் போகிறவர்கள் என்று எல்லாம் மாதச் சம்பளக் குடும்பங்கள். எந்த வீட்டில் சங்கரா, எந்த வீட்டில் வஞ்சிரம் தவிர வேறு தொடமாட்டார்கள், எந்த வீட்டில் மாமியாருக்குத் தெரியாமல் நெத்திலி என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அந்தத் தெருக்களில் விற்ற மீன்தான் என்னைத் தாம்பரம் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜில் உட்கார வைத்தது.

அவளுக்கு இருமல் நிற்காமல் போய், பார்த்தால் டிபி. ஊரிலேயே பார்த்தால் குப்பம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று, வியாபாரத்துக்குப் போகிற வழியில் இருந்த ஒரு மருத்துவமனையில் பதிந்துகொண்டாள். எந்த மருத்துவமனை என்று சொல்லமாட்டேன். அங்கே நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். முதல் சில வாரம் சாப்பிட்டதும், இனி யாருக்கும் தொற்றாது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டரம்மா தைரியம் சொன்ன பிறகுதான் அம்மா மறுபடி கூடையைத் தூக்கினாள். விஷயம் அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த மருத்துவமனையின் சீட்டு கவுண்டரில் ஒரு ஆள். ‘அவர்’ என்று எழுதத்தான் பார்த்தேன், கை வரவில்லை. நோயாளிகளின் சீட்டுகளை வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டு, உள்ளே மணியடித்ததும் அடுத்த ஆளைக் கூப்பிடுவது அவன் வேலை. ஒரே பெயரில் நாலு பேர் எழுந்து வந்து சண்டை போடுகிறார்கள் என்று, பெயரைச் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டான். வியாதியையும் தொழிலையும் சேர்த்துக் கூப்பிடுவான். சுகர் ஆட்டோக்காரர், மூலம் வாட்ச்மேன், வெள்ளைப்படுதல் சித்தாள். இப்படிக் கூப்பிட்டால் சரியாக ஒருத்தர்தான் எழுந்திருப்பார். ஹாலில் சிலர் சிரிப்பார்கள், தங்கள் முறை வரும்வரை. மைக் தேவைப்படாத தொண்டை வேறு.

அன்றைக்குக் காலேஜ் லீவு, நானும் அம்மாவோடு போயிருந்தேன்.

“டிபி மீன்காரம்மா” என்றான். அம்மா எழுந்திருக்கவில்லை. தன்னை இல்லை என்பதுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சீட்டைத் தூக்கி ஆட்டினான். “ஏ, டிபி மீன்காரம்மா, காது கேக்கல? எத்தினி தபா கத்துறது? வந்து மாத்திர வாங்கினு போ.”

எங்களுக்கு முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி திரும்பினார். அம்மாவின் காலனி வாடிக்கை, ரிட்டயர்டான டீச்சர். பி.பி. மாத்திரைக்கு வந்திருந்தார். அம்மாவை அடையாளம் தெரிந்ததும் புடவைத் தலைப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். அம்மா எழுந்து கவுண்டர் வரைக்கும் நடந்தாள். அத்தனை கண்களும் அவள் கூடவே நடந்தன. நான் போய், ஏன் இப்படிக் கத்துகிறீர்கள் என்று அவனைக் கேட்டேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அடுத்த சீட்டை எடுத்துக்கொண்டே சொன்னான்.

“நோவ வச்சிகினு ரோஷம் வேறயா?”

அடுத்த வாரமே காலனியில் கதவுகள் சாத்திக்கொண்டன. முகத்துக்கு நேரே யாரும் எதுவும் சொல்லவில்லை, படித்தவர்கள் இல்லையா. ஒரு வீட்டில் சஷ்டி விரதம், ஒரு வீட்டில் ஃப்ரிட்ஜ் நிறைய மீன் இருக்கிறதாம், ஒரு வீட்டில் டாக்டர் நான்-வெஜ்ஜையே நிறுத்தச் சொல்லிவிட்டாராம். இத்தனை வருஷம் கேட்டுக்குள் வந்து கூடையை இறக்கியவளை, வெளியிலேயே நில்லுங்க என்றார் ஒரு அம்மா. பழகிய தெருக்களை விட்டுவிட்டு, மீந்த மீனைத் தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரம் வைத்து வந்த விலைக்குத் தள்ள வேண்டியதாயிற்று. இப்போது சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், கம்பெனி ஆட்கள் குடியிருக்கிற தெருக்களுக்குப் போகிறாள். அங்கே வாடிக்கை பிடிக்க அவள் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை.

கதவு சாத்தியதைக்கூட அம்மா பொறுத்துக்கொண்டாள். ஆனால் இரண்டாவது மாதம் முடிந்து சளி டெஸ்ட்டுக்குப் போகவேண்டிய சமயத்தில் கிளம்பவில்லை.

“எனுக்கு உடம்பு நல்லாத்தான் கீது. அந்த ஆஸ்பத்திரி வாசல இனிமே மிதிக்க மாட்டேன்” என்றாள்.

வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றேன். அங்கேயும் கவுண்டர் இருக்கும், அங்கேயும் ஒருத்தன் இருப்பான் என்றாள். நான் போய் மாத்திரை கேட்டால், டெஸ்ட்டுக்கு நோயாளிதான் வரவேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். டாக்டரம்மா என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். பாதியில் விட்டால் கிருமிக்கு மாத்திரை பழகிப்போகும், அப்புறம் எதற்கும் அடங்காது, ஆளையே கொண்டுபோய்விடும். அப்பா கடலுக்குப் போகிறவர், அதிகம் பேசமாட்டார். அவரே கெஞ்சிப் பார்த்தார். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தார். அம்மா மசியவில்லை. கையிருப்பு மாத்திரை தீர்ந்தது.

அவள் இருமும்போதெல்லாம் எனக்கு அவன் குரல்தான் கேட்டது. அவனை என்னென்ன செய்யலாம் என்று பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் யோசித்தேன். புகார் எழுதிப் போடலாம். அது எந்த மேஜையிலாவது தூங்கும். வீடியோ எடுத்துப் போடலாம். அதில் அம்மாவும் தெரிவாள். ஒரு நாள் அவன் பைக் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டேன். அவன் அரைமணி நேரம் வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனதை எதிர்க்கடையில் நின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் போதவில்லை.

அப்போது எங்கள் டீம் தோட்டத்துக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவி செய்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு காலேஜிலும் வருஷா வருஷம் யாராவது நாலு பேர் செய்கிற அதே கருவி. முதல் ரிவ்யூவே முடிந்திருந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, மருத்துவமனைக்கு டோக்கன் சிஸ்டம் செய்யலாம் என்றேன். நோயாளிக்கு ஒரு நம்பர், டி.வி. திரையில் நம்பர், ஸ்பீக்கரில் நம்பர். யார் வாயிலும் யார் வியாதியும் வராது. டீமில் மற்ற மூவரும் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். கைடு சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதில் என்ன நாவல்டி இருக்கிறது, பேங்கில்கூட டோக்கன் இருக்கிறதே என்றார். பேங்கில் யாரையும் ‘நகை அடகு’ என்று கூப்பிடுவதில்லை சார் என்றேன். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, காலேஜுக்குச் சமூக சேவை போட்டோ வேண்டியிருக்கிறது, சீக்கிரம் முடியுங்கள் என்று கையெழுத்துப் போட்டார்.

டாக்டரம்மா உடனே சம்மதித்தார். மற்ற மூவரும் வயர் இழுத்தார்கள், நான் ப்ரோக்ராம் எழுதினேன். ஹாஸ்டலில் கிடந்த பழைய டி.வி.யும் கல்ச்சுரல்ஸுக்கு வாங்கிய ஸ்பீக்கரும் போதுமானதாக இருந்தன. அம்மா மாத்திரை இல்லாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் என்னை விரட்டியதால் ராட்சசி மாதிரி வேலை செய்தேன். வயிற்றெரிச்சலில் ஒரு சுறுசுறுப்பு வருகிறது, அதை யாரும் பாடத்தில் சொல்லித்தருவதில்லை.

குரல் மட்டும் பாக்கி. கம்ப்யூட்டர் குரலைப் போட்டுப் பார்த்தோம். அது பேசிய தமிழ் வயசானவர்களுக்குப் புரியவில்லை. காலேஜ் விழாவில் தொகுத்துப் பேசுகிற ஒரு பெண்ணைக் கூப்பிடலாம் என்றான் டீமில் ரெக்கார்டிங் பார்த்துக்கொண்ட பையன். எனக்கு அப்போதுதான் பளிச்சென்றது. வேண்டாம், கவுண்டர் ஆளின் குரல்தான் வேண்டும் என்றேன். நோயாளிகளுக்குப் பழகிய குரல், எடுபடும் என்று டாக்டரம்மாவிடம் காரணம் சொன்னேன். நல்ல யோசனை என்று அவரே அவனிடம் பேசிவிட்டார்.

எங்கள் காலேஜ் லேபுக்கு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்திருப்பான் போல. என்னை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அன்றைக்கு என் முகத்தைப் பார்க்கவே இல்லையே. வாங்கண்ணா, உட்காருங்கண்ணா என்று நாற்காலி போட்டேன். ஃபேன் சத்தம் ரெக்கார்டிங்கில் விழும் என்று ஃபேனை அணைத்தேன். ஏ.சி. இருந்தது. அதையும் அணைத்தேன்.

நம்பர்களையும் ஆண்களுக்கான ‘உள்ளே வாங்கய்யா’வையும் நன்றாகத்தான் சொன்னான். ‘உள்ளே வாங்கம்மா’ என்பதில்தான் நான் பிடித்துக்கொண்டேன். கொஞ்சம் வேகமாகச் சொன்னால், நிதானமாக அண்ணா. நிதானமாகச் சொன்னால், சலிப்பாகக் கேட்கிறது அண்ணா. எங்கள் பையன் ஹெட்போனைக் கழற்றி, முதல் டேக்கே ஓகே மச்சி என்று காதில் சொன்னான். வாயை மூடச் சொன்னேன். சொந்த அம்மாவைக் கூப்பிடுவதுபோல் சொல்லுங்கண்ணா என்றேன். சொன்னான். அதைவிட மரியாதையாக என்றேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெந்நீர் வாங்கிக் குடித்தான். குரல் கம்மியது. கைகூப்பிக்கொண்டு சொன்னால் குரலில் அது வரும் அண்ணா என்றேன். கூப்பிக்கொண்டே சொன்னான்.

“உள்ள வாங்கம்மா. உள்ள வாங்கம்மா. இன்னாமா, இப்ப சரியா கீதா?”

சரியாக இல்லை என்றேன். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டும்வரை சரியாக இல்லை. பாவம் பார்த்தாயா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான ஒரு காலைப்பொழுது எனக்கு வாய்த்ததில்லை. முதல் டேக்கைத்தான் கடைசியில் பயன்படுத்தினோம்.

சிஸ்டம் ஓடத் தொடங்கிய அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம், ஆஸ்பத்திரியில் இனிமேல் வியாதி சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், நம்பர்தான் என்றேன். அவள் வலை மூட்டையின் மேல் உட்கார்ந்து கூடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஆள் உன்னை ‘உள்ளே வாங்கம்மா’ என்று கூப்பிடுவான் என்றேன். தேய்ப்பதை நிறுத்தினாள்.

“அவன் வாயாலயா?”

“அவன் வாயாலேயே.”

மறுநாள் கிளம்பினாள். உடம்புக்காகக் கிளம்பவில்லை, அப்பாவுக்காகவும் இல்லை, எனக்காகவும் இல்லை. கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

ஹாலில் எப்போதும்போல் கூட்டம். கவுண்டரில் அவன், முன்னால் எங்கள் சின்ன பிரிண்டர். நாற்பத்தி ஒன்று என்று சீட்டு வந்தது. உட்கார்ந்தோம். எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஆட்டோக்காரர்களும் வாட்ச்மேன்களும் சித்தாள்களும் எந்த வியாதியும் இல்லாதவர்களாக எழுந்து உள்ளே போனார்கள். பிறகு ஸ்பீக்கரில் அந்தக் கணீர் குரல், “நாற்பத்தி ஒண்ணு, உள்ள வாங்கம்மா” என்றது.

அம்மா எழுந்திருக்கவில்லை. நம்பர் புரியவில்லையோ என்று அவள் கையைத் தொட்டேன். எழுந்திரும்மா, உன்னைத்தான் என்றேன்.

“தெரியும். இன்னொரு தபா கூப்புடட்டும்.”

ஆள் உள்ளே வந்து டாக்டர் பட்டனை அழுத்தும்வரை சிஸ்டம் விடாமல் கூப்பிடும், அப்படித்தான் எழுதியிருந்தேன். இரண்டாம் தரம் கூப்பிட்டது. அம்மா கவுண்டரையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். அவனுக்குப் பொறுக்கவில்லை. யார் அது என்று எட்டிப் பார்த்தான், அம்மாவின் கையில் சீட்டைப் பார்த்தான், பழக்க தோஷத்தில் எழுந்து நின்று “ஏ” என்று வாயைத் திறந்தான். அதற்குள் தலைக்கு மேலே ஸ்பீக்கர், அவன் குரலிலேயே, “உள்ள வாங்கம்மா” என்று கும்பிட்டது. ஹாலில் யாரோ சிரித்தார்கள். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். அவன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தான். அம்மாவின் முகம் அவனுக்கு ஞாபகம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான்.

நான் அரைநாள் அவனை வேகவைத்ததெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று அப்போது புரிந்தது. அம்மா நாலாவது தரமும் கூப்பிட வைத்தாள். அப்புறம் கொண்டையைச் சரிசெய்துகொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தாள். டாக்டர் அறை இடது பக்கம். அவள் நேராகக் கவுண்டருக்குப் போனாள்.

“அடுத்த மாசமும் வருவேன். கூப்புடு” என்றாள்.

உள்ளே போனாள். சளி டெஸ்ட்டுக்கு டப்பா வாங்கினாள். மாத்திரை வாங்கினாள். அதை மடியில் மறைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு, ஹாலின் நடுவே நடந்து வந்தாள்.