ஒன்பது முதல் ஒரு மணி வரை மிஸ்

திருச்சி புத்தூரில் லிசி டீச்சரிடம் படித்த பிள்ளையைத் தனியாகக் கண்டுபிடித்துவிடலாம். நோட்டில் மார்ஜின் கோணாது. பதினேழு வருடம் ஒரு பெரிய ஸ்கூலில் நான்காம் வகுப்பைக் கட்டி ஆண்டவர் அவர். மழைக்கு லீவு விட்டால் ஊரே சிரிக்கும், லிசிக்கு மட்டும் முகம் சுண்டிப்போகும். அப்பேர்ப்பட்டவர் போன ஜூன் மாதம் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தார் என்றால், காரணம் பெலிண்டா.

பெலிண்டா ஒரே மகள், ஒன்பது வயது. பேச்சு திக்கும். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவாள், பின்வரிசை சிரிக்கும். நாளாக நாளாகக் காலையில் வயிற்றுவலி என்று சுருண்டு படுக்க ஆரம்பித்தாள். யாரைத் திட்டுவது? அம்மா வேலை பார்த்த அதே ஸ்கூல்தான். சாயங்காலம் வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது மட்டும், மாலையில் அவள் முறைக்கு உருட்டும் பத்து மணியின் ஜெபமும் தங்குதடை இல்லாமல் ஓடும். அந்தப் பத்து மணியை நம்பித்தான் லிசி இருந்தார்.

கணவர் ரெஜிஸ் ஒரு யோசனை சொன்னார். ஸ்ரீரங்கம் தாண்டி, கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்புக்குள் ஒரு பள்ளிக்கூடம். மணி அடிப்பதில்லை, பரீட்சை வைப்பதில்லை. அன்றன்றைக்கு என்ன படிப்பது என்று பிள்ளைகளே முடிவு செய்வார்களாம்.

"பிள்ளைங்களே முடிவு பண்ணிட்டா டீச்சருங்க என்ன, தேங்கா பறிக்கவா போறாங்க?" என்றார் லிசி. "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். என் பிள்ளைக்கு நான் வீட்லயே சொல்லிக் கொடுத்துக்கறேன்."

ரெஜிஸ் மறுக்கவில்லை. அவர் ஆபீஸில் ஒருவர் மகனை வீட்டிலேயே படிக்க வைக்கிறார். அந்தப் பையன் அப்பாவோடு காந்தி மார்க்கெட்டுக்குப் போய்க் கணக்கு கற்றுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறான்.

லிசிக்கு மார்க்கெட் எல்லாம் சரிப்படுமா? ஹாலில் கரும்பலகை ஏறியது, டைம்டேபிள் ஒட்டியாயிற்று, ஒன்பது மணிக்குக் கைமணி அடித்தது. ஒரே ஒரு பெயர் எழுதிய அட்டெண்டன்ஸை எடுத்து "பெலிண்டா" என்று வாசித்தார். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த பெலிண்டா எழுந்து நின்று "பிரசென்ட் மிஸ்" என்றாள். சிரிக்காதீர்கள். அது லிசி போட்ட சட்டம். ஒன்பது முதல் ஒரு மணி வரை அம்மா என்று கூப்பிடக் கூடாது, மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். அப்போதுதான் பாடம் பாடமாக நடக்குமாம்.

நடந்தது, பொய் சொல்லக் கூடாது. இரண்டு வருடம் தண்ணி காட்டிய வகுத்தல் கணக்கு மூன்று வாரத்தில் வசப்பட்டது. வயிற்றுவலியும் போன இடம் தெரியவில்லை. லிசிக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆறாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து மூவரும் கறிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெலிண்டா சுண்டுவிரலை உயர்த்தினாள்.

"மிஸ், ப... ப... பாத்ரூம் போலாமா?"

ரெஜிஸ் சிரித்துவிட்டார். லிசி எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஏது டைம்டேபிள்? யோசித்துப் பார்த்தால், அந்தக் குழந்தை அம்மா என்று கூப்பிட்டே எத்தனை நாளாயிற்று என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஜெபமாலையில், மூன்றாவது மணியில் பெலிண்டாவுக்குத் திக்கியது. ஜெபத்தில் அவளுக்குத் திக்கியதே இல்லை. லிசி சட்டென்று அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தார். வகுப்பிலும் அப்படித்தான். திக்கும் பிள்ளையின் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கி முடித்து வைப்பதை இரக்கம் என்றே நினைத்திருந்தார். பெலிண்டா ஜெபமாலையைக் கீழே வைத்துவிட்டாள். மீதியை ரெஜிஸ் சொல்லி முடித்தார்.

"வீட்ல படிக்க வச்சது தப்பில்ல லிசி," என்றார் ரெஜிஸ், அடுக்களையில். "உனக்கு மிஸ்ஸா இருந்துதான் சொல்லிக் கொடுக்கத் தெரியுது. குத்தம் சொல்லல."

"குத்தம்தாங்க. நல்லா சொல்லுங்க," என்றார் லிசி. பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே அழுதார்.

மறுநாள் பெலிண்டாவை அழைத்துக்கொண்டு தென்னந்தோப்புக்குப் போனார்கள். ஷஹனாஸ் என்ற ஆசிரியை வரவேற்றார். லிசியும் பதினேழு வருடம் டீச்சராக இருந்தவர் என்று ரெஜிஸ் சொல்லிவைத்தார். பிள்ளைகள் அவரை அக்கா என்றார்கள். நாலைந்து பிள்ளைகள் தென்னை மரத்தின் நிழலைக் கயிற்றால் அளந்துகொண்டிருந்தார்கள். பெலிண்டா கேட்காமலே போய்க் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ வாசிக்க மாட்டேன்னு ஆறு மாசம் சும்மா இருந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டார் லிசி.

"ஆறு மாசம் காத்திருப்போம் டீச்சர்."

"பத்தாவது பரீட்சை வருமே?"

"ஓபன் ஸ்கூல்ல எழுதறாங்க. இங்கேருந்து பெரிய ஸ்கூலுக்குப் போய்த் தடுமாறின பிள்ளைங்களும் உண்டு. இல்லன்னு சொல்ல மாட்டேன்."

அந்த ஒளிவுமறைவில்லாத பதில் லிசிக்குப் பிடித்தது. கிளம்பும்போது ஷஹனாஸ் தயங்கிக் கேட்டார்: "எங்களுக்குக் கணக்குக்கு ஆள் வேணும். நீங்களும் வாங்களேன் டீச்சர்."

லிசிக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. ஆறு வாரமாக அட்டெண்டன்ஸில் ஒற்றைப் பெயரை வாசித்த வாய் அல்லவா? பஸ் கொள்ளிடம் பாலத்தில் ஏறும்வரை மனசுக்குள் பாடம் நடத்திக்கொண்டே வந்தார். அப்போது பெலிண்டா முந்தானையை இழுத்தாள்.

"நீ... நீங்களும் அங்க வருவீங்களா மிஸ்?"

லிசி அவள் முகத்தைப் பார்த்தார். அன்றே ஷஹனாஸுக்குப் போன் செய்தார். "பெலிண்டா வருவா. நான் வரலைங்க. எனக்கு வீட்ல வேலை இருக்கு."

ரொம்ப ஆசைப்பட்ட வேலைதான். வருத்தம் இல்லாமலா இருக்கும்? கரும்பலகையைத் திருப்பிச் சுவரோடு சாத்தி வைத்தார்.

அடுத்த திங்கட்கிழமை காலை தெருமுனையில் வேன் வந்து நின்றது. பெலிண்டா ஏறப் போனவள் திரும்பினாள்.

"அ..."

நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. "அ... அ..."

லிசிக்கு அந்தச் சொல் தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். டிரைவர் ஹாரன் அடித்தார். லிசி அவரைப் பார்த்துக் கையமர்த்தினார்.

"அ... அம்மா, போயிட்டு வரேன்."

"போயிட்டு வாடி தங்கம்," என்றார் லிசி.