ஷ்யாமளா மாமியின் பாஸ்வேர்ட்

செம்பூரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் ஷ்யாமளா மாமியைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் மாமி வீட்டுக்குள் என்ன நடக்கிறதென்று தெரிந்தவர்களும் கிடையாது. ஃபோர்ட் ஏரியாவில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸில் வேலை. காலையில் ஹார்பர் லைன் மின்சார ரயிலைப் பிடித்துப் போவார், இருட்டுவதற்குள் வந்துவிடுவார். கணவர் இல்லை. ஒரே பிள்ளை மாதவ் கனடாவில். விசாரித்தால், "ஞாயித்துக்கிழமை தவறாம ஃபோன் பண்ணிடுவான்" என்பார். எதிர்வீட்டுக்காரனான நானும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

உண்மையில் மாதவ் மூன்று வருஷமாகப் பேசவில்லை. அவன் கட்டிக்கொள்ள நினைத்த பெண்ணின் குடும்பத்தைப் பற்றி மாமி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார், சொல்லக் கூடாத வார்த்தை. அவன் ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டு விமானம் ஏறிவிட்டான். இது அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள விஷயம். எனக்கு இதெல்லாம் தெரிந்திருக்கவே கூடாது. தெரிய வைத்தது ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

வாசலில் வருகிற ஆட்களைச் சரிபார்க்க எங்கள் சொசைட்டி ஒரு ஆப் வாங்கியது. கொரியர்காரர் வந்தால் நம் ஃபோனில் மணி அடிக்கும், நாம் சரி என்றால்தான் வாட்ச்மேன் உள்ளே விடுவார். எல்லா வீடும் சேர்ந்தே ஆக வேண்டும் என்று கமிட்டி சொல்லிவிட்டது. அதற்கு ஒரு பாஸ்வேர்ட் கேட்டது. மாமி தன் மனசில் இருந்ததையே இங்கிலீஷ் எழுத்தில், இடைவெளி விடாமல் அடித்தார்: 'மாதவ் கோபம் போதும்.' ஈமெயிலுக்கும் அவர் வைத்திருந்தது அதேதான். கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொள்வதை யாரும் கேட்பதில்லை அல்லவா, அந்த மாதிரி நினைத்திருப்பார்.

போன மழைக்காலத்தில் ஆப் கம்பெனி, குடியிருப்பவர்களின் விவரங்களை ஒரு எக்ஸெல் ஃபைலாகச் செக்ரட்டரி பஞ்சுவுக்கு அனுப்பியது. பஞ்சு அதை அப்படியே சொசைட்டி வாட்ஸப் குரூப்பில் போட்டார். "எல்லாரும் அவாவா ஃபோன் நம்பர் சரியான்னு பாத்துக்கோங்கோ" என்று ஒரு குறிப்பு வேறு. திரையை வலது பக்கம் தள்ளினால் கடைசிப் பத்தியில் எல்லோருடைய பாஸ்வேர்டும் இருந்தது. மறைக்கவில்லை, மாற்றவில்லை. அடித்தது அடித்தபடி.

குரூப்பில் ஒரே சிரிப்பு. பஞ்சுவின் பாஸ்வேர்ட் 'பஞ்சு123'. இன்னொருவர் தன் மேனேஜரைத் திட்டி வைத்திருந்தார். மராத்திக்காரர்களுக்கும் சிந்திக்காரர்களுக்கும் மாமியின் வரி புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது. யாரோ ஒரு புண்ணியவான் குரூப்பிலேயே கேட்டார்: "மாமி, மாதவுக்கு என்ன கோபம்?"

அன்றிலிருந்து மாமி லிஃப்டில் வருவதை விட்டார். மூன்று மாடியும் படியேறினார்.

பஞ்சு அந்த ஃபைலை டெலீட் செய்தார். அதற்குள் அது எத்தனை ஃபோனில் இறங்கி, எங்கெங்கே போனதோ! அந்த வாரமே யாரோ அதே பாஸ்வேர்டைப் போட்டு மாமியின் ஈமெயிலைத் திறந்து, மாமி பெயரில் மாதவுக்கு எழுதினார்கள். அவசர ஆபரேஷன், உடனே இந்த அக்கவுண்டுக்குப் பணம் அனுப்பு என்று.

மாமி ஆபீஸில் டிபன் டப்பாவைத் திறக்கும்போது பிள்ளையிடமிருந்து மெயில் வந்தது. மூன்று வருஷத்தில் முதல் மெயில். சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுப் படித்தார். "என்னைப் பேச வைக்க இப்படி ஒரு நாடகமா? இனிமேல் எழுதாதே." மாமிக்கு ஒன்றும் புரியவில்லை. கீழே தள்ளிப் பார்த்தபோதுதான், தான் எழுதாத கடிதம் தன் பெயரில் இருப்பதைக் கண்டார்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக் கதவைத் தட்டினார். முகம் சிவந்திருந்தது.

"பஞ்சு ஆத்துக்குப் போகணும். கூட வரேளா?"

பஞ்சு எங்களைப் பார்த்ததும், "தப்பு நடந்துடுத்து மாமி. அப்பவே டெலீட் பண்ணிட்டேன்" என்றார்.

"நீங்க டெலீட் பண்ணினது இருக்கட்டும். நான் வெச்ச பாஸ்வேர்ட் உங்க கைக்கு எப்படி வந்தது?"

"கம்பெனிதான் அனுப்பித்து."

"அவா கைக்கு எப்படி வந்தது? அதைச் சொல்லுங்கோ."

எங்களில் ஒருத்தருக்காவது அந்தக் கேள்வி தோன்றியதா? யார் ஃபைலைப் போட்டது, யார் சிரித்தது என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் மாடி வந்தனா சாஃப்ட்வேர் எஞ்சினியர். அவளிடம் போனோம். கேட்டதும் அவளுக்கும் கோபம் வந்துவிட்டது.

"கம்பெனி அதைப் படிக்கற மாதிரி எழுதி வெக்கவே கூடாது மாமி. நீங்க அடிச்சதை உடனே அரைச்சுடணும். அரைச்ச சட்னியிலேர்ந்து தேங்காயைத் திரும்ப எடுக்க முடியாதில்லையா, அந்த மாதிரி. அடுத்த தடவை நீங்க அடிக்கறப்ப அதையும் அரைச்சுப் பாத்து, ரெண்டும் ஒண்ணா இருந்தா உள்ள விடணும். ஒவ்வொருத்தர் பாஸ்வேர்டோடயும் வேற வேற உப்பு சேத்துதான் அரைக்கணும். உப்புன்னே எங்க தொழில்ல பேரு. அப்ப ரெண்டு பேர் ஒரே வார்த்தையை வெச்சிருந்தாக்கூட வெளியில தெரியாது."

"அப்படிப் பண்ணியிருந்தா?"

"ஃபைல் வெளில போயிருந்தாலும் உங்க வரியை யாரும் படிச்சிருக்க முடியாது."

"ரொம்பச் செலவோ?"

"ஒண்ணுமில்லை. அதுக்கான கோட் இலவசமாவே கிடைக்கறது. அலட்சியம், அவ்வளவுதான்."

மாமி சைபர் போலீஸுக்குப் போனார். முதல் தடவை, பணம் போகவில்லையே என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டார்கள். மெயிலைத் திறந்தது யாரென்று இதுவரை தெரியாது.

மாமி விடாப்பிடியாக நின்றதால் கமிட்டி கம்பெனிக்காரரை வரவழைத்தது. நிகில் சாவந்த் என்ற இளைஞர், லேப்டாப்போடு வந்தார். சொசைட்டி ஹாலில் நாற்காலி போதாமல் பாதிப்பேர் நின்றுகொண்டிருந்தார்கள். பேச்செல்லாம் ஹிந்தியில் நடந்தது.

"மேடம், எல்லா இடத்திலும் ஒரே பாஸ்வேர்டை வைக்கக் கூடாது. கஷ்டமான பாஸ்வேர்டாக வைக்க வேண்டும். ஜனங்களுக்கு விழிப்புணர்ச்சி போதவில்லை" என்றார் அவர்.

வீட்டைத் திறந்து போட்டவர், திருட்டுக் கொடுத்தவருக்குப் புத்தி சொல்கிறார்! என்னால் உட்கார முடியவில்லை. மாமி கையைக் காட்டி என்னை அமர்த்தினார்.

"ஒரே பாஸ்வேர்ட் வைத்தது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். இப்போது சரியாகிவிட்டதா?"

"முழுக்கச் சரி பண்ணிவிட்டோம் மேடம். நூறு சதவீதம் பாதுகாப்பு."

"நல்லது. நேற்று புதிதாக ஒன்று வைத்தேன், மறந்துவிட்டது. என்ன செய்யலாம்?"

"இதோ, ஒரு நிமிஷம்" என்று நிகில் லேப்டாப்பைத் தட்டினார். உதவி செய்கிற சந்தோஷத்தில், திரையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படித்தார். ஐ, டி, எச், ஏ, ஐ... கடைசி எழுத்துவரை.

ஹாலில் தமிழர்கள் மட்டும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நிகிலுக்கு விளங்கவில்லை. வந்தனாதான் எழுந்து ஹிந்தியில் சொன்னாள்: "நீங்கள் இப்போது படித்ததற்கு 'இதைப் படிக்காதே' என்று அர்த்தம்."

அவர் லேப்டாப்பை மூடினார். மாமி எழுந்து நின்றார்.

"என் பிள்ளை என்னோடு பேசுவதில்லை. ஆமாம், உங்களிடமெல்லாம் பொய்தான் சொன்னேன். சொல்வதும் மறைப்பதும் என் இஷ்டம். அதை இவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். இன்னமும் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களை வாசலில் வைத்துக்கொண்டு நமக்கு என்ன காவல்?"

அந்தக் கூட்டத்திலேயே ஆப்பை நிறுத்த முடிவானது. வாட்ச்மேன் இப்போது இன்டர்காமில் கேட்டுவிட்டு ஆளை விடுகிறார். பஞ்சு மாமியிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். குரூப்பில் கேள்வி கேட்ட புண்ணியவான் கேட்கவில்லை.

மாமி புது ஈமெயில் ஆரம்பித்து, நடந்ததையெல்லாம் மாதவுக்கு எழுதினார். "இது நீதான் என்று எப்படி நம்புவது?" என்று பதில் வந்தது. அந்தக் கேள்வியை மட்டும் மாமியால் தாங்க முடியவில்லை. என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, பழைய சண்டையையெல்லாம் சொல்லி அழுதார். சில வாரம் கழித்து அவனே ஃபோன் செய்தான். கொஞ்ச நேரம்தான், பாஸ்வேர்டை எல்லாம் மாற்றியாயிற்றா என்று விசாரித்திருக்கிறான். பழைய விஷயத்தை அவனும் எடுக்கவில்லை, மாமியும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு ஃபோன் இல்லை.

அந்தக் கம்பெனிக்கு ஒரு சேதமும் இல்லை. குர்லாவரை எத்தனையோ கட்டடங்களில் அதே ஆப் ஓடிக்கொண்டிருக்கிறது. மாமி லீவு நாட்களில் வந்தனாவையும் கூட்டிக்கொண்டு அந்தக் கட்டடங்களுக்குப் போகிறார். செக்ரட்டரியைப் பார்த்து, 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டது' என்பதை அமுக்கிப் பாருங்கள் என்கிறார். புதிதாக வைக்கச் சொன்னால் அதை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை. பழைய பாஸ்வேர்டையே அனுப்பி வைத்தால், அவர்கள் அதைப் படிக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

போன வாரம் குர்லாவில் ஒரு செக்ரட்டரி, கதவைப் பாதி திறந்தபடி, "கமிட்டியில் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்றாராம்.

"பேசுங்கள், நான் இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மாமி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வந்தனா மட்டும் திரும்பி வந்தாள்.