உப்புப் பார்த்த நண்டுக்கால்

அப்பளத்தை நொறுக்கிச் சோற்றுக்குள் போட்டுக்கொண்டு அவள் கேட்டாள்:

"இங்கை என்ன செய்யுறது?"

கேட்டவள் கனடாவிலிருந்து வந்திருந்த சித்தப்பாவின் மகள். எனக்கும் அவளுக்கும் பத்து வயது. அவள் இரண்டு மாதம் முன்னுக்குப் பிறந்துவிட்டதால் நான் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டியிருந்தது. நியாயமாகத்தான் கேட்டாள். பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டுக்கு அவர்கள் வந்து நாலு நாள். அந்த நாலு நாளில் அவள் பார்த்த காட்சிகள்: எங்கள் மாடு, எங்கள் கிணறு, பக்கத்துத் தோட்டத்துப் புகையிலை, பிறகு மறுபடியும் மாடு.

சித்திதான் மெதுவாகத் தொடங்கினார். தெற்கே கடற்கரையோடு ஒரு ஹோட்டல் இருக்கிறதாம். நீந்தக் குளம், திமிங்கிலம் பார்க்கப் படகு, எல்லாம் இருக்கிறதாம். பிள்ளைக்குப் பொழுது போகாவிட்டால் புறப்பட இருந்த நாளுக்கு ஒரு கிழமை முன்னதாகவே, வருகிற ஞாயிறே அங்கே போகலாமோ என்று யோசிக்கிறாராம். அப்பா சோற்றைப் பிசைந்த கையை நிறுத்திவிட்டு, "ஓம் ஓம், பிள்ளைக்கும் பொழுது போகத்தானே வேணும்" என்றார்.

அப்பா அப்படிச் சொன்ன குரல் எனக்குப் பிடிக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு வருகிற தம்பிக்காக வீட்டுக்கு வெள்ளையடித்து, கழிப்பறைக்குப் புதுக் கொமட் பூட்டி, வாசல் கேற்றுக்கு இரண்டு தரம் பெயின்ற் அடித்தவர் அவர். அந்தக் கொமட் பூட்டி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

எனக்கு அந்த யோசனை வந்தது அப்போதுதான். திமிங்கிலம் இல்லாவிட்டால் என்ன, எங்களிடம் தீவு இருக்கிறதே. ஒன்றல்ல, வரிசையாக இருக்கிறது. ஒரே நாளில் அவற்றைக் காட்டி இவர்களை மடக்கிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் எங்கேயும் போக மாட்டார்கள்.

அதுவரை நான் ஒரு தீவுக்கும் போனதில்லை. படகில் கால் வைத்ததும் இல்லை. சமூகக்கல்விப் புத்தகத்தில் வரைபடம் இருந்தது, எனக்கு அது போதும். பிறிஸ்டல் போட் மட்டை ஒன்றில் நாலு நிறப் பேனையால் எழுதினேன். தலைப்பு: 'ஒருநாள் தீவுப் பயணம் - பார்க்க வேண்டியவை, செய்ய வேண்டியவை.' ஒன்பது மணிக்குக் குறிகட்டுவான் துறையில் படகு ஏறுதல். ஒன்பது இருபதுக்கு நயினாதீவு அம்மன் கோயில். பதினொன்றுக்குத் திரும்புதல். பிறகு ஊர்காவற்றுறை, அங்கிருந்து 'பாதை' என்று சொல்லும் மிதவையில் ஏறிக் காரைநகர். ஒரு மணிக்குக் கசூரினாக் கடற்கரையில் குளிப்பும் சாப்பாடும். நாலு முப்பத்தைந்துக்குச் சிப்பி பொறுக்கல். நாலு ஐம்பத்தைந்துக்கு ஓய்வு, ஐந்து நிமிடம்.

மட்டையைச் சுவரில் ஒட்டினேன். அக்கா கைகட்டி நின்று வாசித்துவிட்டு, ஓய்வு ஏன் ஐந்து நிமிடம்தான் என்று கேட்டாள். அது போதும் என்றேன். சித்தி வாசித்துவிட்டு வேறு ஒன்று கேட்டார்: "கடற்கரைச் சாப்பாடு எண்டால் நண்டுக்கறி எங்கை?"

அம்மாவின் முகம் மாறியது. கோயிலுக்குப் போகிற நாளில் எங்கள் வீட்டில் மீன், நண்டு என்று மச்சம் எதுவும் சமைப்பதில்லை. மச்சம் சாப்பிட்டவர் கோயில் வாசல்படி மிதிப்பதுமில்லை. அதிலும் போவது நயினாதீவுக்கு. சித்தியோ கனடாவில் பதினைந்து வருடமாக இந்த ஊர் நண்டை நினைத்துக்கொண்டு குளிரில் இருந்தவர். இரண்டு பேரும் சிரித்த முகத்தோடுதான் கதைத்தார்கள், ஆனால் ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

வழி காட்டியது பக்கத்து வீட்டு ரீச்சர். அவர்கள் வேதக்காரர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வுபெற்றவர். அவருக்கு எந்த நாளும் நண்டு சமைக்கிற நாள்தான். நண்டைத் தன் வீட்டில் தான் சமைத்து விடியற்காலமை மதிலால் தருவதாகச் சொன்னார். நாங்கள் கோயிலுக்குப் போகும்போது அது வாடகைக்குப் பிடித்த வானுக்குள் இருக்கட்டும், கும்பிட்டு வந்த பிறகு கடற்கரையில் சாப்பிடலாம். அம்மாவின் சட்டத்தில் இதற்கு இடமிருந்தது. சட்டியும் அடுப்பும் எங்களுடையவை அல்ல. ஆனாலும் மூடியின் மேல் மூன்று பைகள் கட்ட வேண்டும், வானின் கடைசிச் சீற்றுக்குக் கீழே வைக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்.

வெள்ளிக்கிழமை காலமை ஐந்தரைக்கு நான் முழுகி, சட்டை போட்டு, பொட்டு வைத்து, மதிலடிக்குப் போனேன். ரீச்சர் அடுக்குப் பாத்திரத்தை நீட்டினார். அதற்கு முதல் ஒரு நண்டுக்காலைக் கறியில் தோய்த்து என் கையில் வைத்தார்.

"உப்புப் பாரும் பிள்ளை. எனக்கு இப்ப நாக்கிலை ஒண்டும் பிடிபடுகுதில்லை."

நான் வளர்ந்த முறை அப்படி. ரீச்சர்மார் ஒன்றைச் செய்யச் சொன்னால் முதலில் செய்வேன், பிறகுதான் யோசிப்பேன். உடைத்து, உறிஞ்சி, முருங்கையிலை வாசத்தோடு விழுங்கிய பிறகு, "காணும் ரீச்சர், அளவாயிருக்கு" என்றேன். அவர் போய்விட்டார். கோது என் கையில் இருந்தது. அப்போதுதான் முழுகின தலையிலிருந்து ஒரு துளி தண்ணீர் முதுகில் இறங்கியது.

நாலு தரம் வாய் கொப்பளித்தேன். உமிக்கரியால் ஒருமுறை, பற்பசையால் ஒருமுறை பல் தீட்டினேன். அம்மாவிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும்: 'நீ வானுக்குள்ளை நண்டோடை இரு' என்பார். பயணத்தைப் போட்டவள் இல்லாமல் பயணம் நடக்கும். நேரம் பிசகும், அக்காவுக்கு அலுக்கும், ஞாயிற்றுக்கிழமை வானில் பெட்டி ஏறும், அப்பா மறுபடியும் அந்தக் குரலில் 'ஓம் ஓம்' என்பார். ஆகவே வாயை மூடிக்கொண்டு வானில் ஏறினேன்.

குறிகட்டுவானில் படகு நின்றது. நான் நினைத்திருந்த படகு வேறு. மேலே நின்று காற்று வாங்கலாம் என்று மட்டையில் எழுதியிருந்தேன். இதிலோ குனிந்து, படியால் இறங்கி, படகின் வயிற்றுக்குள் போய் இருக்க வேண்டும். டீசல் மணமும் மல்லிகைப்பூ மணமும் ஒன்றாக அடித்தன. அர்ச்சனைத் தட்டோடு ஆச்சிமார், கைக்குழந்தைகள், ஒரு மூட்டை வெங்காயம், நாங்கள். இயந்திரம் உறுமியதும் எல்லாரும் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தோம்.

நான் உடனே விளங்கிக்கொண்டேன். அம்மனுக்குத் தெரிந்துவிட்டது.

ஒவ்வொரு சாய்வுக்கும் நான் மனதுக்குள் கணக்குச் சொன்னேன்: ஒரு கால்தான் அம்மாளாச்சி, அதுவும் சின்னக் கால், அதுவும் உப்புப் பார்க்க. படகில் அறுபது பேராவது இருப்பார்கள். வெங்காயக்காரர் என்ன பாவம் செய்தார்? அப்போது எதிரே பார்த்தேன். சித்தப்பா இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். கண் மூடியிருந்தது. வியர்வை கழுத்தால் ஓடி சேட்டுக்குள் இறங்கியது. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

எனக்கு எல்லாம் வெளித்தது. காலமை சித்தப்பா மதிலடியில் உலாவினவர். ரீச்சர் அவரிடமும் உப்புப் பார்க்கக் கொடுத்திருக்கிறார். இந்தப் படகில் பயந்து மன்றாடுகிறவர்கள் இரண்டு பேர், நானும் அவரும். குற்றவாளிக்குக் கூட்டாளி கிடைத்தால் வருகிற நிம்மதி எனக்கு வந்தது.

நயினாதீவில் இறங்கியதும் சித்தப்பா துறையோரக் கட்டில் குந்தினார். தலை சுற்றுது, நீங்கள் போங்கோ என்றார். அப்பா நிற்கப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு, சித்தப்பாவுக்குத் துணையாக நான் நிற்கிறேன் என்றேன். அம்மா என் தலையைத் தடவி, இந்த வயதில் என்ன பொறுப்பு என்று சித்தியிடம் சொன்னார். சித்தி அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்றும் மறக்கவில்லை.

அவர்கள் போனதும் நான் சித்தப்பாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

"சித்தப்பா, நான் நண்டு சாப்பிட்டனான்."

அவர் திரும்பிப் பார்த்தார். "எப்ப?"

"காலமை. ஒரு கால். உப்புப் பார்க்க."

"உப்புக் காணுமோ?"

"ஓம்."

சித்தப்பா கடலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"அப்ப நானும் சொல்லுறன். நானும் சாப்பிட்டனான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

"எனக்குத் தெரியும் சித்தப்பா. படகிலையே கண்டனான்."

"என்னத்தைக் கண்டனி?"

"நீங்கள் பயந்தது."

அவர் சிரித்தார். வந்த நாளிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. இரண்டு பேரும் குச்சி ஐஸ்பழம் வாங்கிக் குடித்தோம். கோயில் மணி கேட்டபோது அங்கிருந்தபடியே கும்பிட்டோம். அம்மா திரும்பி வந்து இரண்டு பேரின் நெற்றியிலும் திருநீறு பூசினார். எனக்குச் சுடும் என்று நினைத்துக் கண்ணை மூடினேன். சுடவில்லை.

திரும்பும் படகில் ஏறும் நேரம் சித்தப்பாவின் கால் மறுபடியும் தயங்கியது. நான் அவர் காதுக்குள், நாங்கள்தான் கோயிலுக்குள்ளை போகேல்லையே, இனி அம்மன் ஒன்றும் செய்ய மாட்டா என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். அவர் கண்ணை மூடியபடி இருந்தார். சின்ன யன்னல் ஓட்டையால் வெளியே தெரிந்ததை நான் அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். இப்போது கோபுரம் சின்னதாகிவிட்டது. இப்போது ஒரு மீன்பிடிப் படகு, நீலம். இப்போது பாதி வந்துவிட்டோம். இப்போது குறிகட்டுவானில் எங்கள் வான் தெரிகிறது. வான் தெரியவில்லை, அது பொய். ஆனால் சித்தப்பா என் கையைப் பிடித்த பிடியில் விரல் சிவந்துவிட்டது, அதனால் கொஞ்சம் முன்னதாகவே வானைக் காட்டிவிட்டேன்.

ஊர்காவற்றுறையில் மிதவைக்குக் கிட்டப் போனதும் சித்தப்பா தான் வானோடு சுற்றி வருவதாகச் சொன்னார். யாழ்ப்பாணம் போய் வளைந்து காரைநகர் வர எவ்வளவு நேரம் என்று நான் மட்டையில் விரலால் அளந்து காட்டினேன். பரவாயில்லை என்றார். அப்பா ஒன்றும் கேட்கவில்லை, எல்லாருமாகச் சுற்றிப் போவம் என்று மட்டும் சொன்னார். ஒரு மணிச் சாப்பாடு மூன்றரைக்குப் போனது. சிப்பி பொறுக்கலும் ஓய்வும் பயணத்திலிருந்து விழுந்தன. ஆனால் அக்கா இடுப்பளவு தண்ணீரில் கரையிலிருந்து எங்கேயோ தூரம் நடந்து போய், நின்று, இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். வெளியே வா என்று கூப்பிட்டும் வரவில்லை. நாளைக்கும் வருவோமோ என்று தண்ணீருக்குள் நின்றபடியே கேட்டாள். அப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டு, நாளைக்கும் கடல் இங்கேதான் இருக்கும் என்றார்.

சவுக்கு மரத்துக்குக் கீழே பாய் விரித்து மூன்று பையையும் அவிழ்த்தார்கள். சித்தி ஒவ்வொரு சாப்பாட்டுக் கோப்பையாக நண்டு போட்டுக்கொண்டு வந்து, சித்தப்பாவைத் தாண்டி எனக்குப் போட்டார். சித்தப்பாவின் கோப்பையில் கத்தரிக்காயும் அவித்த முட்டையும்தான் இருந்தன.

"சித்தப்பாவுக்கு?" என்று கேட்டேன்.

"உவருக்கோ? நல்லாக் கேட்டாய். ஒரு துண்டு வாயிலை வைச்சால் போதும், உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு முட்டி, ஆசுப்பத்திரிக்கு ஓட வேணும். சின்னனிலையிருந்தே அப்பிடித்தானாம்."

சித்தப்பா கத்தரிக்காயைக் கவனமாகப் பிசைந்துகொண்டிருந்தார்.

இப்படிப்பட்ட மனுசன் காலமை நண்டு சாப்பிட்டிருக்கிறார். என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். மற்றவர்களுக்குச் சொன்னால் காட்டிக்கொடுத்ததாகிவிடும், சொல்லாவிட்டால் மூச்சு முட்டிவிடும். அன்று பொழுதுபடும்வரை நான் கடலைப் பார்க்கவில்லை, சித்தப்பாவைத்தான் பார்த்தேன். அரை மணிக்கு ஒருதரம் கிட்டப் போய்க் கழுத்து, காது, முழங்கை எல்லாம் தடித்திருக்கிறதா என்று சோதித்தேன். என்ன பிள்ளை தேடுறாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். ஒரு தடிப்பும் வரவில்லை. அம்மன் பெரிய மனது வைத்துவிட்டா என்று முடிவுகட்டிக்கொண்டு வானில் அவர் மடியில் நித்திரையாகிப் போனேன். ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் தெற்குக்குப் போகவில்லை. அடுத்த கிழமை முழுக்கக் கசூரினாவுக்கு மூன்று தரம் போனோம்.

காலமை மதிலடியில் அவர் நண்டு சாப்பிட்டதாக நான் ஏழு வருடம் நம்பினேன். உயர்தர வகுப்பில் படிக்கிற காலத்தில் ஒருநாள் அப்பா வேறு எதையோ கதைத்துக்கொண்டிருந்தபோது சொன்னார்: சண்டைக் காலத்தில் தம்பி இங்கிருந்து போனது கிளாலிக் கடலால். சின்ன வள்ளம், இருட்டு, நிறையச் சனம். அதற்குப் பிறகு அவன் ஒரு வள்ளத்திலும் ஏறினதில்லை. நயினாதீவுக்கு ஏறினதுதான் முதல் தரம், உன்ரை மட்டையைப் பார்த்துவிட்டு, பிள்ளை ஆசையாய் எழுதியிருக்கு எண்டு ஏறினவன். அப்பா சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

வருகிற ஆவணியில் சித்தப்பா வருகிறார். நெடுந்தீவுக்குப் போவோமா என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன். கல்வேலியும் காட்டுக் குதிரையும் ஆள் நுழையும் பொந்துள்ள பெருக்குமரமும் இருக்கு என்று ஆசை காட்டினேன். படகில் ஒரு மணித்தியாலம் என்பதையும் மறைக்கவில்லை. 'யோசிப்பம்' என்று பதில் வந்தது. அது மறுப்பில்லை. ஆகவே வருகிற சனிக்கிழமை நான் ஒருதரம் தனியாகப் போய்வரப் போகிறேன், எழுதுகிற கொப்பியும் மணிக்கூடும் கொண்டு. எந்த நிமிடத்தில் எது கண்ணில் படும், எவ்விடத்தில் படகு ஆடும், கரை முதலில் எங்கே தெரியும் என்று குறித்துக்கொள்ள வேண்டும். இந்த முறை வான் உண்மையாகவே தெரிகிற இடத்தில்தான் வான் தெரியுது என்று சொல்லுவேன்.