கோதுமையை வேவு பார்த்த ஆறு மாதம்

எங்கள் தொழிலில் முதல் பாடம், மனுக் கொடுக்கப் போன இடத்தில் தருகிற டீயைக் குடிக்கக் கூடாது என்பதுதான். டீ உள்ளே போனால் குரல் இறங்கிவிடும். போராட்டம் ஒரு தொழிலா என்று கேட்பவர்கள் உண்டு. திருச்சுழிக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே, கண்மாய்க்காகவும் பஸ்ஸுக்காகவும் நாற்பது வருஷம் கொடி பிடித்தவனுக்கு அது தொழில்தான். பள்ளிக்கூடம் எனக்கு எட்டாம் வகுப்போடு முடிந்தது. மீதியைச் சிறு பிரசுரங்களில் படித்துக்கொண்டேன். யார் கொடுக்கிறான், ஏன் கொடுக்கிறான் என்று கேட்காமல் எதையும் வாங்காதே என்று அவை சொல்லிக் கொடுத்தன. அந்தக் கேள்வியை என் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தே கேட்க வேண்டிய காலம் வந்தது. கோதுமை ஆகாத வயிற்றோடு, கல்யாணப் பந்தியில் ஒவ்வொரு வாளியாக எட்டிப் பார்த்து முழிக்கும் என் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பட்டினியில் தெளிந்தவன்

வயிறு பல வருஷமாகவே சரியில்லை. உப்புசம், கழிச்சல், நாக்கில் புண், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். ஜெயில் சாப்பாட்டின் மிச்சம் என்று விட்டுவிட்டேன். மழை பொய்த்த ஒரு வருஷம், நிவாரணம் கேட்டு ஆறு நாள் உண்ணாவிரதம் இருந்தேன். தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் மட்டும். பக்கத்தில் படுத்திருந்தவர்கள் மூன்றாம் நாளே சுருண்டார்கள். எனக்கோ நான்காம் நாள் உப்புசம் போயிற்று, நாக்குப் புண் ஆறியது. எழுந்து மைக்கைப் பிடித்து முக்கால் மணி நேரம் பேசினேன்.

எங்களைக் கண்காணிக்க உளவுப் பிரிவுக்காரர் ஒருவர் எதிர் டீக்கடையில் தினமும் உட்கார்ந்திருப்பார். ஐந்தாம் நாள் அவருக்கே பொறுக்கவில்லை. பந்தலுக்குள் வந்து என் காதருகே குனிந்தார். "அண்ணாச்சி, சத்தியமா எழுத மாட்டேன். பந்தலுக்குப் பின்னால போயி என்னதான் சாப்பிடுறீக?"

வாங்கச் சொல்லாத டாக்டர்

காரியாபட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் மயங்கி விழுந்தேன். அதன் பிறகு என் மனைவி பேச்சியம்மாள் என்னை மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். உடம்பில் ரத்தம் ரொம்பக் குறைந்திருக்கிறது என்றார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண். நோயின் பெயர் சீலியாக் என்றார். கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி இவற்றில் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறதாம். அது உள்ளே போனால் என் உடம்பே என் குடலை அடித்து நொறுக்குமாம். மருந்து கிடையாது, ஆயுளுக்கும் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம், ஒரு துணுக்குக்கூட ஆகாது என்றார். ஆறு மாதம் கழித்து ரத்தத்தில் ஓர் எண்ணைப் பார்ப்பார்கள். அது இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பெரிய நோய் ஏதும் இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னபோது பேச்சியம்மாள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

எனக்கு வேறு சந்தேகம். இதுவரை கேள்விப்படாத வியாதி. இதற்கென்று தனி மாவு, தனி பிஸ்கட் என்று நாலு மடங்கு விலையில் எவனோ விற்கக் காத்திருப்பான். பிரசுரம் படித்தவனிடம் அது நடக்குமா? "எந்தக் கம்பெனிக்காரன் சரக்கை விக்கிறதுக்கு இதைச் சொல்றீங்க?" என்று நேராகவே கேட்டுவிட்டேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. "நான் எதையும் வாங்கச் சொல்லலையே ஐயா. அரிசி, கம்பு, குதிரைவாலின்னு உங்க ஊர்ல விளையிறதையே சாப்பிடுங்க. ஒண்ணை மட்டும் வாங்காதீங்கன்னுதான் சொல்றேன்."

காஜா பாய் கடையில் சோதனை

புரோட்டாவும் சப்பாத்தியும் வெளிப்படையான எதிரிகள். அவர்களை ஒரே நாளில் வீட்டைவிட்டுத் துரத்தினோம். ஆனாலும் பேச்சியம்மாள் ரசம் வைத்த நாளெல்லாம் வயிறு புரட்டியது. ரசத்தில் என்ன கோதுமை? புளி, மிளகு, சீரகம், பெருங்காயம். நாலையும் தூக்கிக்கொண்டு காஜா பாய் மளிகைக் கடைக்குப் போனேன். பத்து வருஷம் சவுதியில் வேலை பார்த்தவர், டப்பாவில் இருக்கும் பொடி எழுத்தை இங்கிலீஷிலேயே படிப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பெருங்காய டப்பாவை மூக்கருகே பிடித்துப் படித்தார். கட்டி பிடிக்கக் கோதுமை மாவு சேர்த்திருக்கிறார்கள். சாம்பார், ரசம், மோர், ஊறுகாய் என்று எல்லாவற்றிலும் ஒரு சிட்டிகை எதிரி.

அதோடு நான் விடவில்லை. ஒவ்வொரு அலமாரியாக இறக்கச் சொன்னேன். சூப்புப் பொடி, சோயா சாஸ், வறுத்த கடலைப் பாக்கெட், சாக்லேட். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் பையோடு நின்றார்கள். காஜா பாய் கடைசியில் கும்பிட்டார். "அண்ணே, மைதா கலக்காத சாமான் ஒண்ணு நம்ம கடையில நிச்சயமா இருக்கு. வெளக்குமாறு. எடுத்துத் தரவா?"

கோரிக்கை இல்லாத பட்டினி

எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த காலை பஸ் நின்றுபோனது. மறியல் செய்தோம், பிடித்துக் கொண்டுபோய் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். மறியலுக்குப் போனவர்களுக்கு அந்த மண்டபச் சாப்பாடு பழக்கம். மத்தியானம் பெரிய அண்டாவில் ரவை உப்புமா வந்தது. நான் தட்டைக் கவிழ்த்துவைத்தேன். இன்ஸ்பெக்டர் ஏன் என்றார். என் வயிற்றுக் கதையை அவரிடம் சொல்வதாவது? சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவ்வளவுதான், தலைவர் தட்டைக் கவிழ்த்துவிட்டார் என்று ஒருவர் குரல் கொடுக்க, மண்டபம் முழுக்கத் தட்டு கவிழ்ந்தது. பெண்கள் பக்கம் கோஷமே எழுந்தது.

நேரம் ஆக ஆக அண்டா ஆறியது. என் பக்கத்தில் எங்கள் சங்கத்தின் செயலாளர் பால்ச்சாமி. முப்பது வருஷமாக என்னோடு கொடி பிடிப்பவன், சங்கத்து வரவுசெலவு முதல் போஸ்டர் பசை வரை அவன் பொறுப்பு. ஆனாலும் எங்கள் கூட்டத்தில் பேசுவது எப்படியோ போலீசுக்கு முன்கூட்டித் தெரிந்துவிடும். அதனால் அவன் மேல் எனக்கு எப்போதும் ஒரு கண் உண்டு. அவன் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு முணுமுணுத்தான். "தோழர், எழுவது பேரு பட்டினி கெடக்கோம். எதுக்குன்னு மட்டும் சொல்லிட்டீகன்னா கோஷம் போட வசதியா இருக்கும்."

மில்லில் கிடைத்த தகவல்

பெருங்காயத்தை நிறுத்தியும் வயிறு முழுக்க அடங்கவில்லை. அடுத்து மாவு மில்லைச் சந்தேகப்பட்டேன். எங்கள் கம்பை அரைக்கிற அதே கல்லில்தான் ஊரார் ரேஷன் கோதுமையையும் அரைக்கிறார்கள். ஒரு நாள் போய் மில்லுக்கார செல்லத்தாயிக்கு எதிரே நின்றுகொண்டேன். எங்களுக்கு முன்னால் அரைத்தது யார், என்ன அரைத்தார்கள், கல்லைத் துடைத்தீர்களா என்று கேட்டேன். அந்தம்மா முதலில் காதில் வாங்கவில்லை. பிறகு மோட்டாரையே நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "யாரு யாருன்னு நாலு தடவ கேட்டாச்சு. ஒங்க பால்ச்சாமி வீட்டுக் கோதுமைதான். போதுமா, இல்ல கைரேகையும் வேணுமா?"

எண் இறங்கவில்லை

கம்பை வீட்டு மிக்ஸியில் அரைத்துக்கொண்டோம். டீக்கடை வடையை விட்டேன், ஏனென்றால் அதே எண்ணெயில் மைதா போண்டாவும் வேகிறது. கல்யாண வீடுகளுக்குச் சாப்பிட்டுவிட்டே போனேன். ஆறு மாதம் முடிந்து மதுரைக்குப் போனால், ரத்தத்தில் அந்த எண் அப்படியே நின்றது. டாக்டர் தாளை இரண்டு தடவை பார்த்தார். "எங்கிருந்தோ உள்ள போயிட்டிருக்கு. இல்லைன்னா..." என்று நிறுத்தினார். ஒரு மாதம் பார்ப்போம், அப்புறம் மறுபடி குழாய் விட்டுத் தேட வேண்டியதுதான் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அந்த 'இல்லைன்னா' காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. செத்தால் போலீஸ் அடியில் செத்திருக்க வேண்டும், குடல் அழுகி அல்ல. யார் எனக்கு ஊட்டுகிறார்கள்? என்னோடு சாப்பிடுகிற ஒரே ஆள் பக்கத்து சீட்டில் இருந்தாள். வெட்கமில்லாமல் கேட்டேன், "எனக்குத் தெரியாம ஏதாச்சும் கலக்குறியா?" பேச்சியம்மாள் ஜன்னல் பக்கம் இருந்து திரும்பினாள். அவள் கண் நிறைந்திருந்தது, குரல் மட்டும் உடையவில்லை. "ஆறு மாசமா ஒங்களுக்காக நானும் ஒரு வாய் புரோட்டா திங்கல. சந்தேகமா இருந்தா என் வாயை மோந்து பாருங்க."

பசை வாளி

மறுநாள் காலையில் சங்க அறைக்குப் போனேன். கலக்கியது மனைவி இல்லையென்றால் மிச்சம் ஒருவன்தான், தினமும் எனக்கு டீ வாங்கி வருகிற பால்ச்சாமி. பஸ் விஷயமாக அடுத்த கூட்டத்துக்குப் போஸ்டர் ஒட்ட வேண்டியிருந்தது. பால்ச்சாமி அடுப்பில் பசை காய்ச்சிக்கொண்டிருந்தான். எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். தலைவன் என்பவன் தன் போஸ்டரைத் தன் கையால் ஒட்ட வேண்டும் என்பது என் கொள்கை. பிரஷ் தொட மாட்டேன், வாளிக்குள் கையை விட்டு அள்ளிச் சுவரில் இழுப்பேன். பசை கெடாமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள், அந்த விஷம் கலந்தால் போஸ்டரைத் தின்கிற ஆடு செத்துப்போகும் என்று அதையும் தடுத்து வைத்திருந்தேன். வெறும் மைதா, வெறும் தண்ணீர். ஒட்டி முடித்ததும் கையை வேட்டியில் துடைத்துவிட்டு நோட்டீஸ் கட்டைப் பிரித்து, போவோர் வருவோருக்குக் கொடுப்பேன்.

அன்றும் இரண்டு சுவர் ஒட்டிவிட்டு வந்து, நோட்டீஸைப் பிரித்துக்கொண்டே கத்தினேன். "ஏலே பால்ச்சாமி, எனக்கு வாங்கிட்டு வர்ற டீயில என்னத்தக் கலக்குற? யாரு ஒன்னைய ஏவி விட்டது?" அடுத்த வாளிக்குக் கிண்டிக்கொண்டிருந்தவன் துடுப்பை நிறுத்தாமல், "இந்த வாளியில இருக்கிறது என்ன மாவு தோழர்?" என்று கேட்டான். மைதா என்றேன். "ஒங்க விரலு இப்ப எங்க இருக்கு?" என்றான். என் விரல் என் நாக்கில் இருந்தது. நோட்டீஸ் பிரிவதற்காக, ஒவ்வொரு தாளுக்கும் ஒரு தடவை. நகக்கண்ணில் வெள்ளையாகப் பசை காய்ந்திருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள், நாற்பது வருஷம்.

நோட்டீஸ் கட்டைக் கீழே வைத்தேன். இதை எப்போது கவனித்தாய் என்று கேட்டேன். பொங்கலுக்குப் பிறகு என்றான். அப்போதே சொல்வதற்கென்ன என்றேன். சொல்லத்தான் வீட்டுக்கு வந்தானாம். அன்றைக்குத்தான், எங்கள் கம்புக்கு முன்னால் மில்லில் கோதுமை அரைக்கச் சொன்னது யார் என்று நான் அவனைத் தெருவில் நிறுத்திக் கத்தினேனாம். எனக்கு ஞாபகம் வந்தது. அவன் அடுப்பை அணைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னான். "சொல்லியிருந்தா, யாரு சொல்லச் சொன்னான்னுதான் கேட்டிருப்பீக."

இப்போது மரவள்ளிக் கிழங்கு மாவில் பசை காய்ச்சுகிறோம். அதையும் நான் தொடுவதில்லை, பால்ச்சாமி ஒட்டுகிறான், நான் போஸ்டரை நேராகப் பிடிக்கிறேன். நோட்டீஸ் பிரிக்க ஈரப் பஞ்சு ஒரு கிண்ணத்தில் இருக்கிறது. பசைக் கதையைக் கேட்ட டாக்டர் அந்த மாதம் குழாய் விடவில்லை. அடுத்த சோதனையில் எண் பாதிக்குக் கீழே இறங்கியது, பேச்சியம்மாள் அன்றைக்கே மதுரை பஸ் ஸ்டாண்டில் எனக்கு எதிரே உட்கார்ந்து இரண்டு புரோட்டா தின்றாள். காலை பஸ் இன்னும் வரவில்லை. மனுக் கொடுக்கப் போன இடத்தில் தருகிற டீயை இன்றைக்கும் நான் குடிப்பதில்லைதான், ஆனால் நீட்டுகிறவன் கையை முறைப்பதற்கு முன்னால் என் கையை ஒரு தடவை கழுவிவிடுகிறேன்.