மடங்காத கால்

சுழன்றுகொண்டிருந்தபோதுதான் முதலில் தெரிந்தது. வலி இல்லை. இடது முழங்காலுக்குள் ஒரு கனம். அந்த வருடமும் போட்டியில் வென்றேன். கிண்ணத்தை அணைத்தபடி நொண்டிக்கொண்டே கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

பனியில் சறுக்குவதைப் படத்தில் மட்டும் பார்த்த ஊர் எங்களுடையது. மரத்தளத்தில் சில்லுச் சப்பாத்தோடு (அடியில் சக்கரம் பூட்டிய காலணி) ஓடினோம், சுழன்றோம். அதில் கொழும்பில் என்னை வெல்ல ஆளில்லை. ஒரே ஒரு குறை இருந்தது. வலக்காலில் நின்று இடக்காலைப் பின்னால் நீட்டிச் சறுக்கும்போது நீட்டிய முழங்கால் கொஞ்சம் மடங்கிவிடும். நடுவர்கள் தவறாமல் அதற்குப் புள்ளி வெட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் மூட்டுச் சயரோகம் (நெஞ்சில் வரும் அதே கிருமி எலும்பு மூட்டில் குடியேறுவது) என்றார்கள். அன்று அதற்கு மருந்து இல்லை. ஓய்வு, முட்டை, வெயில், பரிஸ் சாந்துக் கட்டு (காலை அசையாமல் பிடிக்கும் வெள்ளைக் கட்டு), அவ்வளவுதான். கடற்காற்றுக்காக வெள்ளவத்தையில் தங்கை வீட்டு விறாந்தையில் மாதக்கணக்காகக் கிடந்தேன். கடலோரத் தண்டவாளத்தில் கோச்சி போகும்போதெல்லாம் கட்டில் அதிரும். அழுதேன், எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். நீங்களும் அப்படிக் கிடப்பவரானால் வெட்கப்படாதீர்கள்.

கிருமி அடங்கியது. ஆனால் மூட்டு சிதைந்துவிட்டது.

"எலும்புகள் ஒண்டாச் சேர்ந்து இறுகத்தான் போகுது. இனி முழங்கால் மடங்காது," என்றார் டொக்டர். "கடைசிக் கட்டைக் கொஞ்சம் மடக்கிப் போட்டா கதிரையில இருக்க எழும்ப லேசு."

என் கணவர் அந்தோனி உடனே தலையாட்டினார். "அதுதான் சரி டொக்டர்."

"இல்லை, நேராப் போடுங்கோ," என்றேன்.

"விசரா உமக்கு? பஸ்ஸில, கோயிலில எப்பிடி இருப்பீர்?" என்றார் அந்தோனி.

"இருக்கிறதுக்கோ நான் பிறந்தனான்?"

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பிறகு வந்து மடக்கித் தாங்கோ எண்டு கேக்கக் கூடாது."

"ஓம். கேக்க மாட்டன்."

அந்தோனி சொன்னது பொய்யல்ல. பஸ்ஸில் என் கால் வழியை மறித்தது, ஏறியவர்கள் முணுமுணுத்தார்கள். கோயிலில் நீள வாங்கின் ஓர இருக்கைதான் எனக்கு. படி ஏறுவது ஒரு தனி வேலையானது. அவசரப்பட்டே வாழ்ந்தவள் நான். இப்போது காலுக்கு இடம் பார்த்த பிறகுதான் எதையும் தொடங்குகிறேன். அதில் ஒரு நிம்மதியும் இருக்கிறது.

ஊன்றுகோலை விட்டு நெடுநாள் கழித்து, டொக்டரின் அனுமதியோடு பழைய மண்டபத்துக்குப் போனேன். போட்டி முடிந்து கூட்டம் கலையாத நேரம். சில்லுச் சப்பாத்தை மாட்டிக்கொண்டேன். அந்தோனி சில்லில்லாத வெறுஞ்சப்பாத்தோடு என் கையைப் பிடித்து ஓடி வேகம் தந்தார்.

"விடுங்கோ!"

விட்டார். வலக்காலில் நின்றேன். இடக்கால் பின்னால் எழும்பியது, கம்பி போல நேராக. எனக்குப் புள்ளி வெட்டிய அதே நடுவர்தான் முதலில் எழுந்து கை தட்டினார். பிறகு மண்டபமே எழும்பியது.

முன்பு அந்த அசைவு ஒரு மூச்சில் முடிந்துவிடும். அன்று அது முடியவே இல்லை. ஓட்டத்தை எப்படி நிறுத்துவது என்று மட்டும் நான் யோசித்திருக்கவில்லை. சுவருக்கு முன்னால் ஓடிவந்து நின்று அந்தோனிதான் இரண்டு கையாலும் பிடித்தார்.

"கால் நோகுதோ?"

"அதை விடுங்கோ. மடங்கினதோ?"

"இல்லையப்பா," என்றார், மூச்சு வாங்கியபடி. அவர் அழுதுகொண்டிருந்தார்.